தார்ப்பாய்க்குள் நின்றவள்

எங்கள் ஊரில் சிலை வைப்பது சுலபம், திறப்பதுதான் பெரும்பாடு. இது தெரியாமல் ஒரு ஸ்பெயின்காரர் எங்களிடம் வந்து மாட்டிக்கொண்டார். மூன்று மழைக்காலம் அவர் என் வீட்டு மாடியில் குடியிருந்ததால், அவர் மாட்டிக்கொண்ட கதை முழுவதையும் கூடவே இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. குன்னூர் பக்கத்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் நான் தட்டச்சராக இருந்தேன். கணவர் போனபின் மாடி சும்மா கிடந்தது. கான்வென்ட்டில் இருந்த ஒரு வயதான ஸ்பெயின் கன்னியாஸ்திரி தன் தம்பிக்கு அந்த இடத்தைக் கேட்டார். "சிற்பி. ரொம்ப சாது" என்றார். முதல் வார்த்தை மட்டும் உண்மை.

சிற்பி என்றதும் நான் தாடியும் ஜிப்பாவுமாக ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் குட்டையாக, பருமனாக, கொத்தனார் கையோடு இருந்தார். வந்த மறுநாளே சந்தையில் ஒரு குரங்குக் குல்லாய் வாங்கி மாட்டிக்கொண்டவர், அதைத் தூங்கும்போதாவது கழற்றினாரா என்று தெரியாது. என் சமையலில் மிளகாய்க்கு அவர் பயப்படவில்லை. புளியைத்தான் போலீஸ்காரர் மாதிரி சந்தேகமாகப் பார்ப்பார். பர்லியார் தோட்டத்து மங்குஸ்தான் கிடைத்துவிட்டால் மட்டும் பேச்சு மூச்சு இருக்காது. தோல் உரிப்பதில் அவ்வளவு கவனம். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல, அதனால் நாங்கள் நன்றாகவே பேசிக்கொண்டோம்.

அவர் நாட்டில் அவர் சில்லறை ஆள் இல்லை. சிறுவனாக இருந்தபோது அங்கே உள்நாட்டுச் சண்டை நடந்து, கோயில்கள் எல்லாம் எரிந்திருந்தன. சண்டை முடிந்ததும் புதிதாகப் புனிதர்கள் தேவைப்பட்டார்கள். ஒரு பட்டறையில் சேர்ந்து மாதாவும் புனிதர்களுமாகச் செதுக்கித் தள்ளியிருக்கிறார். மாதா முகம் சலித்துப்போய், பட்டறையையும் பூசையையும் ஒரே நாளில் விட்டுவிட்டாராம். அப்புறம் நகராட்சிகளுக்கு வேலை செய்தார். அந்த நாட்டை நெடுங்காலம் கையில் வைத்திருந்த ஒரு தளபதியைக் குதிரை மேல் உட்காரவைத்து ஊர் ஊராக நிறுத்துவதுதான் வேலை.

"குதிரைதான் என்னுடையது. மேலே இருந்தவர் அரசாங்கத்துடையவர். அவர் முகத்துக்கு அச்சு தலைநகரத்திலிருந்து வந்துவிடும்" என்றார்.

"அப்படியானால் நீங்கள் அந்த ஆளுக்கு ஊழியம் பார்த்தவர்தானே?" என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஆமாம். சோறு கிடைத்தது" என்றார். பெரிய மனிதர்கள் சொல்வதுபோல் கலை, காலம், நிர்ப்பந்தம் என்று இழுக்கவில்லை. அன்றிலிருந்துதான் எனக்கு அவரைப் பிடித்தது.

தளபதி செத்ததும் குதிரைகளுக்குக் கெட்ட காலம் வந்தது. ஒவ்வொரு ஊராகக் கிரேன் வைத்து இறக்கினார்கள். ஒரு நகராட்சிக் கிட்டங்கியில் குப்பை லாரிகளுக்கு நடுவில் தன் குதிரை நின்றதை அவரே போய்ப் பார்த்திருக்கிறார். காவலாளி அதன் காதில் தன் சட்டையை மாட்டியிருந்தானாம். அதைச் சொல்லும்போது சிரித்தார். சிரித்து முடித்ததும் சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு சிலை செய்ய வேண்டும். அச்சில் வராத முகம். ஜனங்கள் நடந்து போகும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். நான் ஓரமாக நின்று, அவர்கள் பார்ப்பதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பிறகு இடித்துக்கொள்ளட்டும்."

எழுபதைத் தாண்டிய மனிதர் அதைக் கேட்ட விதம் எனக்குச் சங்கடமாக இருந்தது. மங்குஸ்தான் இன்னும் ஒன்று இருந்தது, கொடுத்தேன்.

இந்த ஆசைக்குத் தீனி போடத்தான் எங்கள் ஊரில் தலைவர் இருந்தார். எந்தக் கட்சிக்கும் தலைவர் இல்லை, சிலைக் குழுவுக்குத் தலைவர். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கும் தொழிற்சாலை அவருக்கு இருந்தது. கோத்தகிரி சாலை முச்சந்தியில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒரு சிலை, அடியில் 'உழைப்பே உயர்வு' என்று ஒரு கல்வெட்டு, அதற்கும் அடியில் குழுத் தலைவர் பெயர் என்பது அவருடைய திட்டம். உழைப்பின் மேல் அவருக்கு இருந்த மரியாதை சிலையோடு நின்றுவிடும் என்பது அவர் தொழிற்சாலையில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டுச் சிற்பி ஒருவர் ஊரில் இருக்கிறார், கூலி கேட்கமாட்டார் என்று காதில் விழுந்ததும் குழுவோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க, துரைகிட்ட சொல்லுங்க. வெண்கலமெல்லாம் நமக்குக் கட்டுபடியாகாதுங்க. சிமெண்டுல பண்ணித் தங்கக் கலர் அடிச்சுடலாமுங்க" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். சிமெண்ட் என்றதும் சிற்பி தலையசைத்தார். தங்கக் கலர் என்றதும் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். கலர் அடிப்பதில்லை என்று முடிவாகும் வரை இறங்கி வரவில்லை.

முகத்தை அவர் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கண்டுபிடித்தார். பஸ் ஏறிப் போய், கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாள் கணக்காக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தராசு முள்ளையும் எடை போடுகிறவரையும் மாறி மாறிப் பார்க்கும் ஒரு பெண் இருந்தாள். இலங்கையிலிருந்து சிறு வயதில் குடும்பத்தோடு திரும்பி வந்தவள். தராசு சொன்ன எடையை அவள் நம்பவில்லை. நம்பவில்லை என்று வாயால் சொல்லவும் இல்லை. கீழுதட்டை லேசாக மடித்து, ஒரு புருவத்தை இறக்கி, ஒரு பார்வை. எடை போடுகிறவர் தானாகவே முள்ளை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார். "இந்த முகம்" என்றார் சிற்பி.

விஷயத்தை அவளிடம் சொல்ல நான் போனேன்.

"ஏன் அக்கா என்னய? தோட்டத்துல செவத்த புள்ளைக எத்தன பேரு இருக்காளுக" என்றாள்.

"அவருக்கு உன் முகம்தான் வேணுமாம்."

"ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் நமக்கு லீவு. துணி தொவைக்கணும், தல முழுகணும். அதையும் தொரைக்கே குடுத்துரணுமா?" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, வாறேன். ஆனா செஞ்சு முடிச்சதும் மொதல்ல நாந்தான் பாக்கணும். எனக்கு முன்னால ஒருத்தரும் பாக்கக் கூடாது. கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

சிற்பி நெஞ்சில் கை வைத்து ஒப்புக்கொண்டார். தளபதிக்குக்கூட இப்படி வாக்குக் கொடுத்திருக்கமாட்டார்.

தலைவரின் பழைய இலைக் கொட்டகையில் வேலை நடந்தது. அவள் கூடையை முதுகில் மாட்டி, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு நிற்பாள். செடியின் ஈரம் படாமலிருக்கத் தோட்டத்துப் பெண்கள் கட்டிக்கொள்ளும் முரட்டுத் துணிதான் படங்கு. நிற்கும்போது அவளுக்கு வாய் ஓயாது. தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையை அவள் திட்டுவதை எல்லாம் நான் மொழிபெயர்க்க வேண்டும் என்று சிற்பி பிடிவாதம் பிடிப்பார். சில வார்த்தைகளுக்கு என் ஆங்கிலத்தில் இடமில்லை. முகத்தை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். அது முடிகிற நேரத்தில் கொழுந்து மழைபோல் கொட்டியது, எஸ்டேட்டில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்துவிட்டார்கள். அவளால் வர முடியவில்லை.

வந்தவர் தலைவர்தான். கொட்டகையே அவருடையது, யார் தடுப்பது? சிலையின் முகத்தை அண்ணாந்து பார்த்தார். கழுத்து மப்ளரைத் தளர்த்திக்கொண்டார். மறுபடி பார்த்தார்.

"என்னங்க, நம்மளையே மொறைக்கிற மாதிரி இருக்குதுங்களே."

"அதுதான் அவள் முகம் என்கிறார்."

"இருக்கட்டுமுங்க. டூரிஸ்ட்டெல்லாம் வந்து போட்டோ எடுக்கற எடம். கொஞ்சம் சிரிச்ச மாதிரி பண்ணச் சொல்லுங்க. காலண்டர்ல பாருங்க, எவ்வளவு சந்தோஷமாப் பறிக்கறாங்க."

சிற்பிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தலைவர் தன் வாயின் இரண்டு ஓரத்தையும் விரலால் இழுத்துக் காட்டியிருந்தார். "முடியாது" என்று சிற்பி தமிழிலேயே சொன்னார். அது எங்கே கற்றது என்று தெரியவில்லை. என் வீட்டில்தான் இருக்கும்.

"சரி போகட்டும். திறப்பு விழா வரைக்கும் மூடி வெய்யுங்க" என்றார் தலைவர்.

அப்படித்தான் சிலை முச்சந்திக்கு வந்தது. நீலத் தார்ப்பாய் போர்த்து, கழுத்திலும் இடுப்பிலும் கயிறு கட்டி, பீடத்தில் ஏற்றினார்கள். அமைச்சர் வந்து திறப்பார், இரண்டே வாரம் என்றார்கள்.

ஸ்பெயின்காரருக்கு இங்கேதான் நம் நாடு புரியத் தொடங்கியது. அமைச்சர் தேதி கொடுத்தால் டெல்லியில் ஆட்சி கவிழும். அந்த வருஷங்களில் அங்கே ஆட்சி எதுவும் நிலையாக உட்காரவில்லை. தேர்தல் அறிவித்தால் திறப்பு விழா கூடாது. அதோடு ஊரில் ஏற்கெனவே நிற்கிற தலைவர்களின் சிலைகளுக்கும் துணி சுற்றிவிடுவார்கள். வாக்காளர் சிலையைப் பார்த்து மயங்கி ஓட்டை மாற்றிப் போட்டுவிடக் கூடாதாம். அந்த மாதிரி ஒரு நாளில் சிற்பியோடு கடைவீதிக்குப் போனேன். நின்ற சிலைகள் எல்லாம் துணிமூட்டைகளாக இருந்தன.

"இவர்களுக்கும் இன்னும் திறப்பு விழா ஆகவில்லையா?" என்று கேட்டார்.

நான் விளக்கினேன். ஒவ்வொரு மூட்டையாக எண்ணிக்கொண்டே நடந்தார். பிறகு, "எங்கள் ஊரில் இறக்கிவிட்டார்கள். அது மேல்" என்றார்.

தேர்தல் முடிந்தால் அமைச்சருக்கு உடம்பு சரியில்லை. உடம்பு தேறினால் மலைப்பாதையில் மண் சரிவு. எல்லாம் கூடிவந்தால் கல்வெட்டில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று குழுவுக்குள் சண்டை. தலைவர் இதற்கெல்லாம் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. முகம் தார்ப்பாய்க்குள் இருப்பது அவருக்கு ஒரு நிம்மதி என்றுதான் நான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். சிற்பி தினமும் காலையில் குல்லாயோடு முச்சந்திக்கு நடந்து போய், எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டே தார்ப்பாயைப் பார்த்துவிட்டு வருவார். கான்வென்ட்டில் இருந்த அக்காவின் வயதும் தன் வயதும் அவருக்குத் தெரியும். நாளுக்கு நாள் பேச்சு குறைந்தது.

இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு முட்டைக்கோஸ் லாரி பனிமூட்டத்தில் பிரேக் பிடிக்காமல் இறங்கி வந்து, பீடத்தில் லேசாக முட்டி நின்றுவிட்டது. அந்தண்டைப் பக்கம் பள்ளம். டிரைவர் இறங்கிப் பார்த்தால் எதிரே தலையோடு காலாக முக்காடு போட்ட ஒரு பெண் உருவம். அவன் அங்கேயே விழுந்து கும்பிட்டான். மறுநாள் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டுவந்து வைத்தான். அவ்வளவு போதும் நமக்கு. மறுவாரம் தார்ப்பாயில் குங்குமம் இருந்தது, அப்புறம் வேப்பிலை, அப்புறம் ஒரு சூலம். பிறகு எங்கிருந்தோ ஒரு பூசாரி. மேட்டுப்பாளையம் லாரிக்காரர்கள் பூசணிக்காய் உடைக்காமல் தாண்டுவதில்லை என்று ஆனது. பஸ் கண்டக்டர்கள் 'முக்காட்டம்மன் ஸ்டாப்' என்று கூவத் தொடங்கினார்கள்.

சிற்பியிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவராகவே கண்டுபிடித்தார். "மாதா செய்து சலித்துத்தான் ஓடி வந்தேன்" என்றார். "இவ்வளவு தூரம் வந்தும் துரத்திக்கொண்டு வந்துவிட்டாளே."

தோட்டத்துப் பெண் ஒருநாள் சந்தைக்கு வந்தபோது நின்று பார்த்தாளாம். "இடுப்புல கட்டுற படங்க தலைக்கு மேல போட்டு என்னயவே கும்புடுறானுக, அக்கா" என்றாள் என்னிடம். "மூக்குத்தி வேற குத்தப் போறாங்களாம். இந்த அம்மனுக்கு ஒரு நா லீவு கேட்டா மட்டும் கணக்கப்பிள்ள குடுக்க மாட்டாரு."

மூன்றாவது மழைக்காலம் முடிகிற நேரத்தில் நிஜமாகவே அமைச்சர் வந்தார். கூட்டம் சேர்க்க எஸ்டேட் பெண்களை லாரி லாரியாக இறக்கியிருந்தார்கள். அரைநாள் விழா, மூன்று மணிக்கு லாரி திரும்பும், விட்டவர்கள் நடந்து போக வேண்டியதுதான். நம் பெண்ணும் வந்திருந்தாள். மேடையில் குழுவினர் அத்தனை பேருக்கும் நாற்காலி இருந்தது, சிலை செய்தவருக்கு இல்லை. அவர் குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னோடு கூட்டத்தில் நின்றார். முதல் தடவையாக அவர் தலையைப் பார்த்தேன். முடியைப் படிய வாரியிருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அமைச்சர் கயிற்றில் கை வைக்கப் போனபோது பூசாரி குறுக்கே விழுந்தார். அம்மன் முக்காட்டை எடுத்தால் ஊருக்கு ஆகாது, மலை சரியும் என்றார். லாரிக்காரர்கள் ஆமாம் என்றார்கள். அமைச்சர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தில் ஓட்டுகள் நின்றன. கையை எடுத்துவிட்டார். தலைவர் உடனே ஒரு பட்டுப்புடவையை நீட்ட, அதைத் தார்ப்பாய் மேலேயே சாத்தி, மாலை போட்டு, மைக்கில் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் புடவை எவ்வளவு நாளாகத் தயாராக இருந்ததோ.

"என்ன சொல்கிறார்கள்?" என்று சிற்பி கேட்டார்.

"திறக்கப் போவதில்லை என்கிறார்கள்."

"இன்றைக்கா?"

"என்றைக்கும்."

அவர் குல்லாயைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அதைப் பார்க்க முடியாமல் நான் வேறு பக்கம் திரும்பினேன்.

பேச்சு நீண்டது. மணி மூன்றை நெருங்கியபோது பெண்கள் பக்கம் ஒரு கூச்சல் கேட்டது. கொண்டை அவிழ்ந்து, கண் செருகி, உடம்பு உதற ஒருத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். நம் பெண்தான். "சாமி வந்துருச்சு, வழி விடுங்க" என்று நாலாபக்கமும் சத்தம். பூசாரியே ஒதுங்கிக் கைகட்டினார். சாமி வந்தவளை அமைச்சரும் தடுக்க முடியாது, போலீசும் தடுக்க முடியாது. அவள் பீடத்தில் ஏறினாள். புடவையை ஒரு இழுப்பு, கயிறு, பிறகு தார்ப்பாய். எல்லாம் மொத்தமாகக் கீழே வந்தன.

இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரே கீழுதடு, ஒரே புருவம். முகத்தை எல்லோரும் பார்த்தார்கள், அமைச்சர், தலைவர், லாரிக்காரர்கள், அவளோடு கொழுந்து பறிக்கிற அத்தனை பெண்களும். அந்தப் பெண்களில் யாரோ ஒருத்தி சிரித்தாள், பிறகு பல பேர் சிரித்தார்கள். அந்தப் பார்வை எங்கே எதற்காகப் பார்க்கிற பார்வை என்று அவர்களுக்குத் தெரியும். சிற்பி சிலையைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் அழுதேன். கற்பூரப் புகை என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

பிறகு எல்லோரும் அவள் காலில் விழுந்தார்கள். தப்பித்து லாரிப் பக்கம் ஓடியவளைப் பிடித்து, "நிஜமாவே சாமி வந்துச்சா?" என்று கேட்டேன்.

"எனக்கா? மூணு மணிக்கு லாரி போயிரும் அக்கா. இவனுக பேசி முடிக்கிற மாதிரி தெரியல. மொதல்ல நான் பாக்கணும்னு தொரகிட்ட சொல்லியிருந்தேன்ல" என்றாள். ஏறி உட்கார்ந்ததும், "மூக்கு கொஞ்சம் பெருசு. மத்தபடி பொய் சொல்லல அவரு" என்றாள்.

அதோடு முடிந்திருந்தால் நம் ஊர் ஆகுமா? அம்மன் தானே முக்காட்டை விலக்கிவிட்டாள் என்று அடுத்த மாதமே சுற்றிலும் கம்பி வேலியும் மேலே தகரக் கொட்டகையும் வந்தன. சிமெண்டுக்கு மஞ்சள் பூசினார்கள். முகத்துக்குப் பித்தளையில் ஒரு கவசம் செய்து மாட்டினார்கள். உபயம், சிலைக் குழுத் தலைவர். கவசம் நன்றாகச் சிரித்தது.

சிற்பி ஊருக்குப் புறப்படுவதற்கு முன் மூவருமாகக் கடைசியாக ஒரு தரம் அங்கே போனோம். அவள் வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், கூடை முதுகில் இருந்தது, இடுப்பில் படங்கு. வேலிக் கதவருகே புதுசாக வந்த ஒரு பூசாரி நின்றார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூடையும் ஈரத்துணியுமா உள்ள வரக் கூடாதும்மா. தள்ளி அந்தப் பக்கம் நின்னு கும்பிடு."

அவள் கீழுதட்டை மடித்தாள். ஒரு புருவம் இறங்கியது. அவரைப் பார்த்தாள்.

சிற்பி என் முழங்கையைப் பிடித்தார். "அதோ" என்றார்.

பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டு விலகி வழிவிட்டார். அவள் கூடையோடு உள்ளே போய், பித்தளைச் சிரிப்புக்கு எதிரே நின்று, அதை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு பூசாரியிடம் திரும்பிக் கேட்டாள்:

"இது யாருங்க?"